சிறுநீர்க்குழாய் ஸ்டென்ட்: ஒரு வாரமா, ஒரு மாதமா, மூன்று மாதமா?

சேலத்தில் வெயில் ஏற ஏற, கிட்னி கல் பற்றிய பேச்சும் ஏறும். எனக்கு ஸ்டென்ட் வைத்து எடுத்திருக்கிறார்கள். என் மாமாவுக்கு நடந்ததும் தெருவுக்கே தெரியும். அதனால் கல்லுக்கு லேசர் செய்துகொண்டு வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அந்த டியூபைப் பற்றித்தான். போன மாதம் அம்மாப்பேட்டையில் பட்டுத்தறி நெய்யும் ஒரு அண்ணன் கேட்டார்: "எனக்கு ரெண்டு வாரம்னு சொல்லியிருக்காங்க. கூட வார்டுல இருந்தவருக்கு அஞ்சே நாள்ல எடுத்துட்டாங்க. எது சரிங்க?" அடுத்த சில நாளில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் இதற்கு நேர் எதிராகக் கேட்டார்: "ஆர்டர் நிறைய இருக்கு. வலியும் இல்ல. ஒரு ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துக்கலாமா?"

இருவருக்கும் ஒரே பதில் கிடையாது. எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் யூராலஜி மருத்துவர். ஆனால் அவர் எதை எதை எடைபோட்டு அந்த நாளைச் சொல்கிறார் என்று தெரிந்தால், நாம் கேட்கிற கேள்வியும் சரியாக இருக்கும், சொன்ன தேதியில் போகவும் தோன்றும்.

## உள்ளே இருப்பது என்ன

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய்க்குள் வைக்கப்படும் பிளாஸ்டிக் டியூப் அது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 24 அல்லது 26 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். மேல் நுனி சிறுநீரகத்திலும் கீழ் நுனி சிறுநீர்ப்பையிலும் சுருண்டு கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து ஜே இரண்டு பக்கமும் இருப்பதால் டபுள் ஜே, சுருக்கமாக டிஜே ஸ்டென்ட் என்கிறார்கள். 1978-ல் ராய் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர் இந்த வடிவத்தைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பு இருந்த நேரான டியூப்கள் இடம் நழுவிக்கொண்டே இருந்தன.

இது தானாகக் கரையாது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, ஏன் வைத்தார்கள்? குழாயில் வெறும் வீக்கமா, அல்லது வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டுமா? வீக்கம் சில நாளில் வடியும். தையல் ஆற வாரக்கணக்கில் ஆகும். பாதி முடிவு இங்கேயே வந்துவிடும்.

இரண்டாவது, அடைப்பு திரும்ப வந்தால் எவ்வளவு ஆபத்து? இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருப்பவர் ஒரு நாள் வலியோடு தப்பிக்கலாம். ஒரே சிறுநீரகம் உள்ளவர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பவர், கிருமித் தொற்றோடு வந்தவர் ஆகியோருக்கு அந்த ஒரு நாளே பெரிய விஷயம்.

மூன்றாவது, டியூபின் மேல் உப்பு படிவது. நம் வீட்டுக் குழாயில் போர்வெல் தண்ணீர் உப்புக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கதை. வைத்த சில மணி நேரத்திலேயே சிறுநீரில் உள்ள புரதம் டியூபின் மேல் படலமாகிவிடும். அதில் கிருமி ஒட்டும், அப்புறம் உப்பு. கல் நோயாளிகளுக்குப் போட்ட பாலியூரிதேன் ஸ்டென்ட்களை வைத்து 1991-ல் வந்த ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 சதவீதத்தில் உப்பு படிந்திருந்தது. 6 முதல் 12 வாரத்தில் 47.5 சதவீதம். 12 வாரம் தாண்டியவற்றில் 76.3 சதவீதம். டியூபின் பொருள் அப்புறம் மாறி வந்திருக்கிறது. ஆனாலும் 6 வாரத்துக்குப் பிறகு கணக்கு எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். அடிக்கடி கல் உண்டாகும் உடம்புக்கும், தொற்று இருப்பவருக்கும், கர்ப்பிணிக்கும் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நான்காவது, உங்கள் வேலையும் உங்கள் தூரமும். கேஸ் ஷீட்டில் இதை யாரும் எழுதமாட்டார்கள், நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

## ஸ்டென்டே இல்லாமல்

சின்னக் கல், ஸ்கோப் (சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விடும் கேமரா குழல்) சுலபமாகப் போனது, குழாயில் காயம் எதுவும் இல்லை, இன்னொரு சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது, மறுபடி ஒரு சிகிச்சை தேவையில்லை. இப்படி அமைந்தால் ஸ்டென்ட் வைக்காமலே விடலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க யூராலஜி வழிகாட்டுதல்கள் இரண்டும் சொல்கின்றன. ஆகவே லேசருக்கு முன்பே "டியூப் இல்லாமல் முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பதில் ஆபரேஷன் மேசை மேல்தான் தெரியும்.

இதில் மறைந்திருக்கும் செலவு, முதல் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய வலி. வீக்கத்தால் குழாய் அடைத்தால் கல் வலி மாதிரியே பிடிக்கும். சிலருக்கு அவசரமாக ஸ்டென்ட் வைக்க வேண்டியும் வரும். சேலம் நகருக்குள் ஃபேர்லேண்ட்ஸ், ஹஸ்தம்பட்டி பக்கம் குடியிருப்பவர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். ஏற்காட்டுக்கு மேலே எஸ்டேட் லைனில் இருப்பவர் நடுராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். அந்த முதல் சில நாள் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் இந்த வழி அவர்களுக்கும் சரியே.

## 3 முதல் 7 நாள்

சிக்கல் இல்லாத லேசருக்குப் பிறகு வீக்கம் வடிய இந்தக் காலம் பெரும்பாலும் போதும். தறி நெய்யும் அண்ணனோடு வார்டில் இருந்தவருக்கு அஞ்சு நாளில் எடுத்தது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் குறுகிய கெடுவுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்டென்டின் கீழ் நுனியில் கட்டிய நூலை வெளியே விட்டு, தோலில் டேப் போட்டு ஒட்டி அனுப்புவார்கள். எடுக்கும் நாளில் நூலைப் பிடித்து இழுத்தால் டியூப் வந்துவிடும். ஸ்கோப் வேண்டாம், இரண்டாவது தியேட்டர் செலவு வேண்டாம். ஆண்களுக்கு ஸ்கோப் போட்டு எடுப்பது கொஞ்சம் சிரமம் என்பதால் இது பெரிய நிம்மதி. குழந்தைகளுக்கு இன்னும் பெரிய நிம்மதி, ஏனென்றால் ஸ்கோப் என்றால் அவர்களுக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.

நூலின் கஷ்டம், தெரியாமல் இழுபட்டு டியூப் முன்கூட்டியே வந்துவிடுவது. உள்ளாடை மாற்றும்போது, தூக்கத்தில், துடைக்கும்போது நடக்கும். குழித்தறியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதி மிதிக்கிறவர், நூலோடு வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். அந்த அஞ்சு நாள் கூலி போவதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தாம்பத்தியமும் அந்த நாட்களில் வேண்டாம்.

## இரண்டு வாரம் வரை

நம் ஊரில் அதிகம் காதில் விழும் கெடு இது. கல் பெரியது, தூள் நிறைய இறங்க வேண்டியிருக்கிறது, கல் ரொம்ப நாளாக ஒரே இடத்தில் பதிந்து குழாய்ச் சுவரை வீங்க வைத்திருந்தது, ஸ்கோப் நெருக்கிக்கொண்டு போனது. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு வாரம் போதாமல் போகலாம். அவசரப்பட்டு எடுத்தால் வலியோடு திரும்ப வந்து இன்னொரு டியூப் வைக்கும் நிலை வரும். தறி நெய்யும் அண்ணனிடம் நான் சொன்னதும் இதுதான்: "கூட இருந்தவர் கல் வேற, உங்க கல் வேறங்கண்ணா. ஏன் ரெண்டு வாரம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, காரணம் சொல்லுவாரு." கேட்டார். கல் மூன்று மாதமாகக் குழாயில் மாட்டியிருந்ததாம்.

இன்னொரு வகையும் இதில் வரும். முதல் தடவை போகும்போது குழாய் ரொம்பக் குறுகலாக இருந்து ஸ்கோப் ஏறவில்லை என்றால், நல்ல மருத்துவர் வம்பு பண்ணி ஏற்றமாட்டார். ஸ்டென்டை மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். ஒன்றிரண்டு வாரத்தில் குழாய் தானாக விரிந்து கொடுக்கும், அடுத்த முறை சுலபமாக முடியும். "காசை வாங்கிட்டுக் கல்லை எடுக்கல" என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மருத்துவர் உங்கள் குழாயைக் கிழியாமல் காப்பாற்றியிருக்கிறார்.

எனக்கு 12 நாள் இருந்தது. அதனால் இந்தக் காலத்தின் விலையை அனுபவித்தே சொல்கிறேன். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும், முடியும் நேரத்தில் விலாப்பக்கம் ஒரு வலி ஏறும். டியூப் திறந்த பாதை என்பதால் சிறுநீர்ப்பை சுருங்கும்போது கொஞ்சம் சிறுநீர் மேலே திரும்புகிறது, அதுதான் அந்த வலி. அரை மணிக்கு ஒரு தடவை அவசரம். கொண்டலாம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை பைக்கில் போய்விட்டு வந்தால் சிறுநீர் சிவந்து வரும், தண்ணீர் குடித்துப் படுத்தால் தெளியும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கும் என்பது பலமுறை ஆய்வில் வந்த விஷயம். டாம்சுலோசின் மாத்திரை நிறையப் பேருக்குக் கேட்கிறது, எனக்கும் கேட்டது. தொந்தரவைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரில் கட்டியாக ரத்தம், சிறுநீரே வராமல் இருப்பது: இந்த மூன்றும் ஸ்டென்ட் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடியவை இல்லை. அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

## 4 முதல் 6 வாரம்

சிறுநீரக வாயில் அடைப்பை வெட்டித் தைத்திருந்தாலோ, குழாயைச் சிறுநீர்ப்பையில் மறுபடி பொருத்தியிருந்தாலோ, சிகிச்சையின்போது குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலோ, சீக்கிரம் எடுக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். உள் சவ்வு முதலில் மூடும். தசை சேர்ந்து வர ஏறக்குறைய 6 வாரம் என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. முன்னாலேயே எடுத்தால் கசிவு, அல்லது தழும்பு இறுகிக் குழாய் மறுபடி சுருங்கிப்போவது. தொந்தரவைப் பொறுத்துக்கொள்வதில் உண்மையாகவே லாபம் இருக்கும் இடம் இது.

சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு வைக்கும் ஸ்டென்ட் தனிக் கணக்கு. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவதால் தொற்று பயம் அதிகம். பல இடங்களில் 2 முதல் 4 வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

## மாதக்கணக்கில், மாற்றி மாற்றி

புற்றுநோய் வெளியிலிருந்து குழாயை நெரிக்கும்போதும், வேறு வழியில் சரிசெய்ய முடியாத அடைப்பிலும் ஸ்டென்ட் நிரந்தரத் துணையாகிறது. அப்போதும் ஒரே டியூப் நிரந்தரம் இல்லை. சாதாரண டியூபை 3 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம், சில வகைகளுக்கு 6 மாதம் வரை போவதுண்டு. உலோகத்தில் வரும் ஒரு வகையை 12 மாதம் வரை விடலாம், விலை அதிகம். கர்ப்பிணிக்கு உப்பு வேகமாகப் படிவதால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

இதற்கு மாற்று, முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்கு நேராக டியூப் போட்டு வெளியே பையில் வடிய விடுவது. எரிச்சல், அவசரம் எதுவும் இருக்காது. பையைச் சுமக்க வேண்டும், குளிப்பதும் புரண்டு படுப்பதும் சிரமம், டியூப் உருவிக்கொண்டும் வரலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதுதான் இந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

## தேதி இல்லாத ஸ்டென்ட்

இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனாலும் நடக்கிறது, என் மாமாவுக்கு நடந்தது.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. கல் அடைத்து, அதற்கு மேல் தொற்றும் சேர்ந்து, நடுங்கிக்கொண்டு கீழே தூக்கி வந்தோம். அந்த நிலையில் கல்லைத் தொடக் கூடாது. அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, உடம்பு தேறிய பிறகுதான் கல். அதன்படி ஸ்டென்ட் வைத்தார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள். அதுவரை எல்லாம் சரி. டிஸ்சார்ஜ் தாளில் திரும்ப வரச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. உள்ளே டியூப் இருக்கிறது, அதை எடுத்தாக வேண்டும் என்று தமிழில் உட்காரவைத்து அவரிடம் யாரும் சொல்லவில்லை. கூட இருந்த நானும் கேட்கவில்லை.

காய்ச்சல் போனது, வலி போனது, மாமா மிளகு பறிக்கப் போய்விட்டார். 11 மாதம் கழித்து சிறுநீரில் எரிச்சல் என்று வந்தபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். டியூபின் இரண்டு முனையிலும் கோலிக்குண்டுபோல வெள்ளையாகக் கல். "வலியே இல்ல கண்ணு, தையல் கரையற மாதிரி அதுவும் கரைஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் ஸ்கோப் போட்டு எடுத்திருக்க வேண்டிய டியூபுக்கு இரண்டு முறை மயக்க மருந்து. கீழே சிறுநீர்ப்பைக்குள் இருந்த கல்லை முதலில் லேசரில் உடைத்தார்கள். மேலே முதுகில் துளையிட்டு சிறுநீரகத்துக்குள் இருந்ததை உடைத்து எடுத்தார்கள். உப்புக் கட்டிய டியூபை வலுக்கட்டாயமாக இழுத்தால் குழாயே கிழிந்துவிடும் என்பதால்தான் இத்தனை பாடு. அந்தப் பக்கச் சிறுநீரகம் பழைய அளவுக்கு வேலை செய்வதில்லை.

அதனால்தான் பட்டறைக்காரரிடம் சொன்னேன்: வலி இல்லாதது டியூப் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. ஆர்டரை இரண்டு நாள் தள்ளலாம், இதை இரண்டு மாதம் தள்ளக் கூடாது. அடுப்பு அனலில் உட்கார்ந்து வேலை செய்து, தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறவருக்கு உப்பு இன்னும் சீக்கிரம் கட்டும்.

## ஒரே பார்வையில்

| காலம் | யாருக்குப் பொருந்தும் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|
| ஸ்டென்ட் இல்லை | சின்னக் கல், காயமில்லாத குழாய், மருத்துவமனை பக்கத்தில் | முதல் சில நாள் வலி, அவசரமாகத் திரும்புவது |
| 3–7 நாள் | சிக்கலில்லாத லேசர்; நூல் வைக்க ஏற்றது | நூல் இழுபடுவது, வேலைக்குப் போக முடியாதது |
| 2 வாரம் வரை | பதிந்த கல், பெரிய கல், குறுகிய குழாய் | தினசரித் தொந்தரவு, எடுக்க ஸ்கோப் |
| 4–6 வாரம் | வெட்டித் தைத்த குழாய், ஓட்டை விழுந்தது | நீண்ட தொந்தரவு, தொற்று, உப்பு தொடங்குவது |
| 3 மாதத்துக்கு ஒரு மாற்றம் | புற்றுநோய் அடைப்பு, சரிசெய்ய முடியாத அடைப்பு | ஒவ்வொரு முறையும் ஸ்கோப், பயணம், துணைக்கு ஓர் ஆள் |

## டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்

எடுக்கும் தேதியை நாள், மாதம், ஆண்டோடு தாளில் எழுதி வாங்குங்கள். "ரெண்டு வாரம் கழித்து" என்பது தேதி இல்லை. வீட்டு தினசரி காலண்டரில் அந்தத் தாளை மடித்து வையுங்கள், கிழிக்கும்போது கண்ணில் படும். வீட்டில் போன் வைத்திருக்கும் இளவட்டம் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். எடுக்கும் செலவு காப்பீட்டில் சேர்ந்ததா, தனியா என்று அப்போதே கேளுங்கள். பணம் இல்லை என்று நாள் தள்ளிப்போன வீடுகளை எனக்குத் தெரியும். மலையிலிருந்து வருகிறவர்கள் தேதி குறிக்கும்போதே பஸ்ஸையும் யோசிக்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏற்காடு ரோட்டில் வண்டி நகராது, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையின்போது டவுனுக்குள் நகராது. ஒரு நாள் முன்னாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

எப்போதோ ஸ்டென்ட் வைத்து, எடுத்தார்களா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும். டியூப் அதில் தெரியும். இந்த வாரமே அந்த எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள்.

டியூபை எடுக்கும் அன்று ஜெல் மருந்து போட்டு ஸ்கோப் விடுவார்கள், சில நிமிட வேலை. பெண்களுக்கு இன்னும் சுலபம். அன்றும் மறுநாளும் லேசாக எரியும், சிலருக்குக் குழாய் இறுக்கிப் பிடித்து வலி வரும், மாத்திரையில் அடங்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்கு. சில வாரம் கழித்து ஒரு ஸ்கேனும் வேண்டும். குழாய் சுருங்கி, வலியே காட்டாமல் சிறுநீரகம் வீங்குவது அபூர்வமாக நடக்கும், ஸ்கேனில்தான் தெரியும்.

மாமாவுக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம். தேதி என் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. நான்தான் மேலே போய்க் கூட்டி வருகிறேன்.